மாலை போட்ட படம்

தம்பி,

உன் அக்காவின் மூத்தவள் சாதாரணதரப் பரீட்சையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ எடுத்துவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் அவளுடைய படத்தையும் பேரையும் போட்டுப் பதாகை கட்டியிருக்கிறார்கள். நான் பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் பிடித்துப் போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் வாசித்தேன். அவளுடைய தம்பி பதினைந்து வயதுக்குக் கீழ் கிரிக்கெட் அணியில் விக்கெட் காப்பாளன். முழங்கை முழுக்கக் காயம், முகம் முழுக்கச் சிரிப்பு. சண்டிலிப்பாயில் உன் தங்கச்சியின் சின்னவன் கோயில் விழாவில் தேவாரம் பாடினான். நடுவில் மறந்துபோய், அழாமல், முதலில் இருந்து திரும்பவும் தொடங்கினான். சனம் கைதட்டியது. உன் மகள் பிரெஞ்சில் பேச்சுப் போட்டிக்குப் போனாளாம், உன் மகன் நீந்திப் பதக்கம் எடுத்தானாம். கடைசியாக நீ. அவ்வளவு பெரிய பேக்கரியில், பதினாறு பேருக்கு மேலாளாக உன்னை வைத்திருக்கிறார்கள் என்று சங்கக்கடையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சாமான் நிறுக்கிற பெடிச்சி, "அம்மா, போன கிழமையும் சொன்னனீங்கள்" என்றாள். "இந்தக் கிழமையும் அவன்தானே மேலாள்" என்றேன்.

பெருமை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இனி எழுத வந்ததை எழுத வேண்டும். கை களைக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பேனையை வைத்தவளுக்கு ஒரு பக்கம் எழுதினாலே தோள்மூட்டு வலிக்கும். கையின் களைப்பு மட்டும் என்றால் தைலம் பூசிவிட்டு இருந்துவிடுவேன். இது பத்துப் பன்னிரண்டு வருசமாக உள்ளே கிடக்கிற களைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போனில் முகம் காட்டிக் கதைத்ததில் அது எழும்பி உட்கார்ந்துவிட்டது.

உனக்கு நினைவிருக்கும். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ வேலை முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தாய்.

"அம்மா, ஒருத்தனை வெள்ளிக்கிழமையோடை வேலையிலை இருந்து நிப்பாட்டப் போறன்."

"ஆரடா?"

"தாவித் எண்டு ஒருத்தன். எத்தியோப்பியாக்காரன்."

"என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதுதான் பிரச்சினை."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. அவன் நல்ல கைக்காரன் என்றாய். அதனால்தான் மாப் பிசைகிற பக்கத்துக்கு அவனைத் தலைவனாக்கினேன் என்றாய். "இப்ப பார், ஆருக்கும் ஒரு சொல்லுச் சொல்லுறான் இல்லை. மற்றவை செய்யாததைத் தானே செய்துபோட்டு நிக்கிறான். காலமை வேலை தொடங்க முன்னம் வைக்கிற கூட்டத்திலை எழும்பிக் கதை எண்டால் நிலத்தைப் பாக்கிறான். என்ரை முகத்தைப் பாக்கிறானே இல்லை, அம்மா."

"என்ன ஏதெண்டு கேட்டனியே?"

"கேட்டனான். எல்லாருக்கும் முன்னாலைதான் கேட்டனான். எல்லாம் சரியோ எண்டு. ஓம் எண்டான். அங்கை இருவது வருசமா நிக்கிற பிலிப்பீன்ஸ் மனிசியையும் கேட்டனான். அவதான் எங்கடை ஆக்களுக்கெல்லாம் தாய் மாதிரி. அவவும் எல்லாம் சரி எண்டுதான் சொல்லுறா."

அதற்குப் பிறகு நான் என்ன கேட்டேன் தெரியுமா? அங்கே குளிரா என்று கேட்டேன். குளிர் என்றாய். கவனமாக இரு என்றேன், போனை வைத்தேன். இன்று புதன்கிழமை. இந்தத் தாள்களை உன் அக்காவின் மகள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவாள். வெள்ளிக்கு முன்னால் நீ வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு அவசரமாகக் கிறுக்குகிறேன்.

நான் நண்டுக் கொம்பனியில் வேலை செய்தது உனக்குத் தெரியும். நீ வெளிநாடு போய் இரண்டாம் வருசம். முழங்கால் ஏலாமல் போனதால் விட்டேன் என்று உனக்குச் சொன்னேன். முழங்கால் பிறகுதான் வந்தது. விட்ட காரணம் வேறு.

கொம்பனி கடற்கரையோரம் இருந்தது. அவித்த நண்டை உடைத்து, ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இல்லாமல் சதையைப் பிரித்து, தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நாற்பது பெண்கள் நீட்டு மேசைகளில் இருந்தோம். குருநகர்ப் பெண்கள், அரியாலைப் பெண்கள், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் பெண்கள். மனேச்சர் தெற்கில் இருந்து வந்தவர். ஐயா என்கிற மாதிரி, சிங்களத்தில் சுனில் மாத்தயா என்போம். நல்ல மனிதர், அதை முதலில் எழுதிவிடுகிறேன். பெண்கள் ஐஸுக்குள் கைவைத்து நடுங்குகிறார்கள் என்று சுடுதண்ணீர்த் தொட்டி வைப்பித்தவர் அவர்தான். அவருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் வரும். உன் அப்பா தெற்கில் பேக்கரி வைத்திருந்த காலத்தில் அடுத்த வீட்டுப் பெண்களோடு கதைத்துப் பழகிய சிங்களம். அதற்காகவே என்னைச் சூப்பவைசர் ஆக்கினார்கள். அவர் சொல்வதை நான் பெண்களுக்குச் சொல்ல வேண்டும், பெண்கள் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் என்னை அக்கே என்று கூப்பிடுவார். கையெழுத்து வைக்கவே எழுத்துக்கூட்டுகிற எனக்கு, ஒரு கொம்பனியே என் வாயை நம்பி நடக்கிறது என்பது எவ்வளவு பெரிய கிரீடம் என்று உனக்குப் புரியாது. அல்லது இப்போது புரியும்.

நான் அந்த வேலையை எப்படிச் செய்தேன் தெரியுமா? எல்லாவற்றிலும் சீனி போட்டுச் செய்தேன். அவர் கோபமாகச் சொன்னதை இங்கே மெதுவாகச் சொல்வேன். இவர்கள் முறைப்பாடாகச் சொன்னதை அங்கே பணிவாகச் சொல்வேன். இரண்டு பக்கமும் சந்தோசமாக இருந்தார்கள். சண்டையே இல்லாத கொம்பனி என்று அவர் தன் மேலிடத்துக்குச் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் முன்பு வேலை செய்த தொழிற்சாலையில், நன்றாக வேலை செய்கிற ஆளின் படத்தைச் சுவரில் மாட்டுவார்களாம். வீட்டுக்காரர் வந்து பார்த்துச் சந்தோசப்படுவார்களாம். இங்கேயும் செய்வோம் என்றார். முதல் ஆளாக ஜெசிந்தாவைத் தெரிவு செய்தார்கள். குருநகர்ப் பெண். அவளைப்போல் கை வேகம் யாருக்கும் இல்லை. கணவன் கடலுக்குப் போய்ப் படகு மட்டும் வந்து சேர்ந்தது. ஏழு வயதில் ஒரு மகள். மாத்தயா என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு, "அக்கே, உங்கள் ஆட்கள் மாலை போட்டுத்தானே மரியாதை செய்வார்கள்?" என்று கேட்டார். ஓம் என்றேன். எங்கே போடப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டாரே என்ற நினைப்பிலேயே வெளியே வந்தேன்.

அந்த நாள் வந்தது. வெளிநாட்டில் இருந்து சரக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள், பெண்களின் வீட்டுக்காரர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் வெள்ளெனப் போய்விட்டேன். வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஜெசிந்தாவின் படம். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, சிரிப்பில்லாத படம். கறுத்த சட்டம். அதற்குப் பிளாஸ்திக் மாலை. கீழே ஒரு சின்னச் சிவப்பு மின்குமிழ் எரிகிறது. அந்த மனிதர் எங்கள் வீடுகளில் சாமிப் படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் முன்னால் குமிழ் எரிவதைப் பார்த்திருக்கிறார். கலியாணத்திலும் கூட்டத்திலும் மாலை போடுவதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததை எல்லாம் சேர்த்து, எங்கள் முறையிலேயே எங்களைக் கனம் பண்ண நினைத்திருக்கிறார். சட்டம் போட்டு, மாலை போட்டு, குமிழ் எரிய விட்டால் அந்த ஆள் செத்துப்போன ஆள் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பார்த்த உடனே விளங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் வந்த றிசானா நின்றுவிட்டாள். புத்தளத்தில் வளர்ந்து வந்த பெண், வாய் துடுக்கு. "அக்கா, உதென்ன செத்தவீட்டுப் படம் மாதிரி? அவ வரமுன்னம் கழட்டச் சொல்லுங்கோ."

"அவர் ஆசையா வைச்சது. விருந்தாக்கள் வந்திட்டுப் போகட்டும்."

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன். எனக்கும் சிங்களம் தெரியும்."

"நீ போய் உன்ரை மேசையிலை இரு."

அப்படித்தான் சொன்னேன், தம்பி. அந்த மேசையைக் கையால் காட்டியும் சொன்னேன். அந்தக் கொம்பனியில் சிங்களம் கதைக்கிற இன்னொரு வாயை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் முறைத்துப் பார்த்துவிட்டுப் போனாள். சுனில் மாத்தயா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மாலையை ஒரு பக்கம் இழுத்து நேராக்கினார். "சரியா, அக்கே?" என்று கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோசம். விருந்தாளிகளின் வாகனம் படலைக்கு வந்துவிட்டது. "சரி, மாத்தயா. நல்ல வடிவு" என்றேன்.

ஜெசிந்தா பின்பக்க வாசலால் வந்து வேலைக்கு இருந்துவிட்டாள். படத்தை அவள் காணவில்லை. பத்து மணிபோல அவளுடைய மாமியார் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்வாசலால் வந்தா. பிள்ளை வெள்ளைச் சப்பாத்தும் ரிபனும் போட்டு வந்திருந்தது. வந்ததும் படத்தைப் பார்த்தது. அதன் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தது, தகப்பனுடையது. அதே மாலை, அதே குமிழ். அந்தப் படம் சுவரில் ஏறிய பிறகு தகப்பன் வரவே இல்லை. பிள்ளை மெதுவாகத்தான் கேட்டது, "அப்பம்மா, அம்மாவும் செத்திட்டாவோ?" என்று. பிறகு கத்தியது. அந்தச் சத்தத்தை உனக்கு எழுத எனக்குத் தெரியாது.

ஜெசிந்தா கையுறையோடும் முகமூடியோடும் ஓடி வந்தாள். தலைமயிரை மூடுகிற வலையும் முகமூடியும் போட்ட உருவத்தைப் பிள்ளை அடையாளம் காணாமல் இன்னும் பின்வாங்கியது. அவள் முகமூடியைப் பிய்த்து எறிந்து பிள்ளையைத் தூக்கினாள். பிறகுதான் சுவரைப் பார்த்தாள். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையால் படத்தைக் கழற்றி, மாலையை அறுத்து, படத்தை நிலத்தில் கவிழ்த்து வைத்தாள். விருந்தாளிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுனில் மாத்தயாவின் முகம் சிவந்துவிட்டது. என்னிடம் வந்து, "ஏன் அக்கே? நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டார். கேட்டார், தம்பி. உண்மையாக அறிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

நான் சொன்னேன், "பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்தயா. பயந்துபோச்சு."

அதோடும் முடியவில்லை. திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஜெசிந்தாவை எழுப்பினார். நான் நடுவில். விருப்பமில்லை என்றால் முன்னமே சொல்லியிருக்கலாமே, விருந்தாளிகளுக்கு முன்னால் ஏன் அவமானப்படுத்தினாய் என்று கேட்டார். நான் அவளுக்குச் சொன்னேன், "மாத்தயாவுக்குக் கோவமில்லைப் பிள்ளை. இனிக் கவனமா இருக்கட்டாம்." அவள் நிலத்தைப் பார்த்தபடி, "அக்கா, என்ரை பிள்ளை மூண்டு நாளா என்ரை சீலைத் தலைப்பை விடுறாள் இல்லை. அதை அவரிட்டைச் சொல்லுங்கோ" என்றாள். நான் அவரிடம் சொன்னேன், "மன்னிப்புக் கேட்கிறாள், மாத்தயா." றிசானா தன் மேசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. நான்தானே இருக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் ஜெசிந்தா வரவில்லை. பிறகு எந்த நாளும் வரவில்லை. சுனில் மாத்தயா கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "மன்னிப்பும் கேட்டுவிட்டு ஏன் போனாள்? உங்கள் ஆட்களை விளங்கிக்கொள்ள முடியாது" என்றார். அந்த மனிதரின் வாயில் அந்தச் சொல்லை வைத்தவள் நான். அவர் அதை எடுத்துக்கொண்டுதான் தெற்குக்கு மாறிப் போனார். இன்னும் எங்கேயோ யாருக்கோ அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு உள்ளதை எழுதலாம் என்றால் எனக்குச் சிங்களம் எழுதத் தெரியாது. கதைக்கத்தான் தெரியும். கதைக்க வேண்டிய இடத்தில் கதைக்கவில்லை. நாலு மாதத்தில் நானும் நின்றுவிட்டேன்.

உன் அப்பா இப்படி இல்லை. பேக்கரியில் ஒரு நாள், பாண் வேகிற போறணைக்குப் பொறுப்பாக இருந்த குணபால என்கிற மனிதரை வாடிக்கையாளருக்கு முன்னால் ஏசிவிட்டார். அடுத்த நாள் போறணை எரியவில்லை, பாண் இல்லை. உன் அப்பாவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியிடம் போய், "எனக்கு விளங்கேல்லை. நான் செய்ததிலை எது அந்தாளுக்குச் சுட்டது? உங்கடை ஆக்களிட்டை உதைச் சரிப்படுத்திறது எப்பிடி?" என்று கேட்டார். அவர் சொன்னபடியே வெற்றிலைக் கட்டு எடுத்துக்கொண்டு குணபாலவின் வீட்டுக்குப் போனார். மறுநாள் போறணை எரிந்தது. நாணயக்காரர், சுடுசொற்காரர், ஆனால் தெரியாததைத் தெரியாது என்று கேட்கத் தெரிந்தவர். நான் தெரிந்ததையே சொல்லத் தெரியாதவள். நீ எங்கள் இரண்டு பேருக்கும் பிள்ளை. யாருடைய பக்கம் வந்திருக்கிறாய் என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்து சாவகச்சேரிக்கு பஸ் ஏறினேன். பக்கத்து இடத்தில் இருந்தவள் திரும்பினாள். ஜெசிந்தா. தலை நரைத்திருந்தது. கருவாட்டுக் கூடை காலடியில். "அக்கா, சுகமோ?" என்றாள். நாவற்குழிப் பாலம் வரைக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தோம். மகள் உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டாளாம். பாலம் தாண்டியதும் நான், "பிள்ளை, அண்டைக்கு மாத்தயா..." என்று தொடங்கினேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"அவர் தெரியாமல் செய்தவர், அக்கா. நீங்கள் தெரிஞ்சுகொண்டு நிண்டனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கருவாடு விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். சாவகச்சேரியில் இறங்கும்போது என் பையையும் அவளே தூக்கி இறக்கித் தந்தாள். நான் பிழை விட்டிட்டன் என்று அவளுடைய முதுகுக்குத்தான் சொன்னேன். கேட்டதோ தெரியாது.

தம்பி, தாவித்தை எனக்குத் தெரியாது. சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனால் நீ அவனைத் தலைவனாக்கிய இடத்தில் அவனுடைய ஊர்ப் பெரியவர் யாரும் இருக்கிறாரா? அவனுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்த மாமன் முறையானவர் யாரும்? அவனுடைய இடத்தில் நின்றால், அப்படி ஒருவரைப் பார்த்து நீ இதைச் செய் என்று உன்னால் சொல்ல முடியுமா? உன் பெரியப்பாவை மா அள்ளச் சொல்வாயா? நீயும் நீயே அள்ளிவிட்டு நிற்பாய். என் ஊகம் பிழையாக இருக்கலாம். நான் ஊகிப்பதும் நீ ஊகிப்பதும் ஒன்றுதான். அவனுக்குத்தான் தெரியும். அவனைத் தனியாகக் கூட்டிப்போய் இருத்திக் கேள். சரியோ என்று மட்டும் கேட்காதே. அந்தக் கேள்விக்கு எங்களைப் போன்றவர்களுக்கு ஓம் என்ற ஒரு மறுமொழிதான் தெரியும். எப்படிச் செய்தால் உனக்கு லேசு என்று கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. மறுமொழி வர நேரம் செல்லும். நீ அவசரக்காரன்.

இன்னொன்று. எல்லோருக்கும் தாய் மாதிரி என்றாயே, அந்த மனிசி. அவளில் பிழை இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாம் சரி என்று உடனே சொல்கிற வாயை நான் அறிவேன். என்னிடமும் அது இருந்தது. அவளிடமும் தனியே போ. உண்மையைச் சொன்னால் உன் முகம் மாறாது என்று அவளுக்குக் காட்டு. மாத்தயாவின் முகம் மாறுமே என்ற பயத்தில்தான் நான் அவ்வளவும் செய்தேன். உன் முகம் சட்டென்று மாறும், ராசா. சின்ன வயசிலேயே அப்படி. பேக்கரியில் யாராவது றிசானா மாதிரி இருந்தால் அவளை மேசைக்கு அனுப்பிவிடாதே.

எல்லாம் கேட்ட பிறகும் நிற்பாட்டத்தான் வேண்டும் என்றால் நிற்பாட்டு. அது உன் வேலை, நான் மறிக்கவில்லை. கேட்காமல் நிற்பாட்டாதே. பன்னிரண்டு வருசம் கழித்து ஒரு பஸ்ஸில் யாரோ உன் பக்கத்தில் வந்து இருப்பார்கள். அது நல்ல பயணம் இல்லை.

எனக்கு இனி எழுத ஏலாது. ஒரு படம் அனுப்பு. போனில் வேண்டாம், அது விரல் பட்டதும் ஓடிப்போகிறது. கடதாசியில் எடுத்துத் தபாலில் போடு. கடைசியாக நீ அனுப்பியதில் உன் தலை கறுப்பாக இருக்கிறது. ஞாயிறு பார்த்தபோது கறுப்பாக இல்லை. அடுத்த கிழமை, வெள்ளி கழிந்த பிறகு எடு. நீ தனியே நிற்காதே, பேக்கரியில் எல்லோரோடும் நில். பெரியவர்களைக் கதிரையில் இருத்து. தாவித்தைக் கரையில் ஒதுக்காமல் உன் பக்கத்தில் நிற்பாட்டு. நிலத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை. சுவரில் மாட்ட மாட்டேன், பயப்படாதே. சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து, நான் தேத்தண்ணி குடிக்கும்போது பார்ப்பேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன் என்றாலும் எனக்கு எண்ணத் தெரியும். உன்னோடு சேர்த்துப் பதினேழு பேர்.

அம்மா